ஆராய்ச்சிக்கு நான் எடுத்த டியூஷன்

அன்புள்ள தம்பி,

"டீச்சர், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் உண்மையச் சொல்லட்டா?"

அஞ்சலை என்னிடம் இப்படிக் கேட்டபோது நான் யோசிக்கவே இல்லை. தமிழ்ப்பள்ளியில் அவ்வளவு காலம் பாடம் நடத்தியவளுக்கு, கேள்வி முடிவதற்குள் விடை வாயில் வந்துவிடும். அன்று நான் சொன்ன விடையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். நீ அடுத்த வாரம் ஜொகூர் பாருவை விட்டு உட்லண்ட்ஸில் ஒரு வாடகை அறைக்குப் போகிறாய். சிங்கப்பூர் வேலைக்காகத் தினமும் எல்லைப் பாலத்தில் மோட்டார் சைக்கிளோடு நின்று நின்று முதுகு போய்விட்டது என்றாய். நல்ல முடிவுதான். போகும் முன் குளுவாங்கில் நம் வீட்டுக்கு வா என்று கூப்பிட்டு உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். பெற்ற மகன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன். நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. நான் செய்ததை இந்த ஊரில் நான் ஒருத்தி மட்டும் செய்யவில்லை என்று நினைக்கிறேன். அஞ்சலையிடம் கேட்டுவிட்டேன். "எழுதுங்க டீச்சர், எம்பேர மாத்த வேணாம், மாத்துனா வேற யாரோன்னு நெனச்சிக்குவாங்க" என்றாள்.

அஞ்சலை அத்தையை உனக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாம் முதலில் குடியிருந்த பிளாட்டில் எதிர்வீட்டுக்காரி அவள். கணவர் பஸ் ஓட்டினார். நான் டியூஷன் எடுத்துக்கொண்டிருந்த மாலை நேரங்களில் நீ அவள் வீட்டில்தான் சாப்பிட்டு வளர்ந்தாய். "அத்தை வைக்கிற ரசம் மாதிரி வைம்மா" என்று நீ சொல்லி, நான் ஒரு நாள் முழுக்க முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தது உனக்கு நினைவிருக்கலாம். நாம் வீடு வாங்கிக்கொண்டு வந்துவிட்டோம். அவள் அதே பிளாட்டில் இருந்துவிட்டாள். கணவர் இறந்து இரண்டாவது தீபாவளியும் போய்விட்டது. ஒரே மகள் சிங்கப்பூரில், குடும்பத்தோடு.

போன வருடம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து நம் தாமான் குடியிருப்புக்கு வந்தார்கள். வயதானவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், அவர்கள் மனம் எப்படி இருக்கிறது, இரண்டுக்கும் என்ன தொடர்பு என்று பார்க்கிற ஆராய்ச்சி. விருப்பப்பட்டவர்கள் சேரலாம். நம் நேரத்துக்காகப் பேரங்காடியில் சாமான் வாங்கிக்கொள்ள ஒரு கூப்பனும் கொடுப்பார்கள். பாலாய் ராயா மண்டபத்தில் கூட்டிவைத்து தர்ஷினி என்ற பெண் விளக்கினாள். பத்து பகாட் ஊர்ப் பிள்ளை, முகத்தில் எப்போதும் ஒரு புன்னகை. சொல்லாமல் கொள்ளாமல் அவ்வப்போது தொலைபேசியில் கூப்பிட்டு, நேற்று காலையிலிருந்து என்னென்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார்களாம். பிறகு ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்து மனநிலையைப் பற்றிச் சில கேள்விகள். "இதுல சரி தப்பு ஒண்ணும் இல்ல ஆன்ட்டி. உள்ளத உள்ளபடி சொன்னா போதும்" என்று அவள் மறுபடி மறுபடி சொன்னாள். பரீட்சை மண்டபத்தில் 'பதற்றப்படாதீர்கள்' என்று நாங்கள் சொல்வோமே, அது மாதிரி என்று நான் எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே, "பரீட்சை வாசனை பட்டா போதும், உனக்குக் காய்ச்சல்கூட ஓடிப்போயிடும்" என்றார். அவர் கேலி செய்தது சரிதான். முதல் அழைப்பு எனக்குத்தான் வந்தது. முந்தின நாள் நானும் அப்பாவும் சாப்பிட்டது காலையில் ரொட்டி சானாய், மத்தியானம் கடையில் கட்டி வாங்கிய மீ கோரேங் நூடுல்ஸ், ராத்திரிக்கு அந்த மீயிலேயே மிஞ்சியது. நான் தர்ஷினியிடம் ஓட்ஸ் கஞ்சி, கீரைக் கூட்டு, வேகவைத்த மீன், ஒரு பப்பாளித் துண்டு என்றேன். துண்டின் அளவைக்கூடச் சொன்னேன். பக்கத்து நாற்காலியில் இருந்த அப்பா, "யாரு வீட்டுல?" என்று கேட்டார். நான் கையால் அவரை அடக்கினேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இப்போது பலமுறை கேட்டுப் பார்த்துவிட்டேன். கூப்பனுக்காக இல்லை, என்ன சொன்னாலும் அது கிடைக்கும். அந்தப் பெண் என்னைக் குறைவாக நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். அதற்கு மேலே இன்னொன்று. நம் ஆட்கள் என்றாலே சர்க்கரை வியாதி, கண்டதைத் தின்பது, கவலை, குடி என்று எழுதிவிடுவார்கள் என்ற எண்ணம் எனக்கு. பள்ளிக்கு மேலதிகாரி பார்வையிட வரும் நாளில் நாங்கள் ஒரு வேலை செய்வோம். விடை தெரிந்தவன் வலது கையைத் தூக்க வேண்டும், தெரியாதவன் இடது கையைத் தூக்க வேண்டும். வருகிறவருக்கு வகுப்பு முழுக்கக் கைகள் தெரியும். நான் வலது கைப் பிள்ளைகளை மட்டும் எழுப்பிக் கேட்பேன். பள்ளிக்குப் பாராட்டு கிடைக்கும். இடது கையைத் தூக்கி உட்கார்ந்திருந்த பிள்ளைகள் அந்த நாள் முழுவதும் என்ன நினைத்துக்கொண்டிருந்தார்கள் என்று நான் யோசித்ததே இல்லை.

அதே வேலையைத்தான் இங்கேயும் செய்தேன். நேர்முகக் கேள்விகளுக்கும் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார்கள். கேள்வித்தாளை ஒருமுறை கேட்டால் எனக்கு மனப்பாடம். அந்த வெள்ளிக்கிழமை கோவிலுக்குப் போய்விட்டு வந்த அஞ்சலையையும் கமலாவையும் நம் வீட்டு முன்கூடத்தில் உட்காரவைத்தேன். கமலாவைத் தெரியும்தானே, மார்க்கெட் பக்கம் தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் விற்கிறவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள். கேள்விகளை ஒவ்வொன்றாகச் சொல்லி, விடையையும் சொல்லிக்கொடுத்தேன். டியூஷன்தான், வேறு பெயர் இல்லை.

"நேத்து என்ன சாப்பிட்டன்னு கேட்டா, நாசி லெமாக்குன்னு சொல்லாத."

"நான் விக்கிறதே அதுதான டீச்சர்? வித்தது போக மிச்சம் எங்க போகும்?"

"கீரை, மீன், பழம்னு சொல்லு."

"பழமா? துரியான் சொல்லலாமா?"

"கமலா!"

"அலமாக், டீச்சருக்குக் கோவம் வந்துடுச்சி. சரி, பப்பாளி. பப்பாளிய நான் கனவுலகூட பாத்ததில்ல, ஆனா பப்பாளி."

அஞ்சலை சிரிக்கவில்லை. முன்பெல்லாம் கமலா வாயைத் திறந்தாலே சேலை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்குவாள். நான் அதைக் கவனித்தேன். கவனித்ததோடு சரி, அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். எதிலும் மனசு ஒட்டாமல் இருக்கிறதா, காலையில் எழுந்திருக்கவே வேண்டாம் என்று தோன்றுகிறதா, பசி எடுக்கிறதா என்ற மாதிரிக் கேள்விகள் அவை. விடைகளும் அவர்களே கொடுத்திருந்தார்கள். இல்லவே இல்லை, சில நாள், பல நாள், எல்லா நாளும். "எல்லாத்துக்கும் இல்லவே இல்லைன்னு சொல்லிடுங்க" என்றேன். அப்போதுதான் அஞ்சலை அந்தக் கேள்வியைக் கேட்டாள். காலையில் எழுந்திருக்க வேண்டாம் என்று தோன்றுவதைப் பற்றிய கேள்வி அது. "இந்த ஒரு கேள்விக்கு மட்டும் உண்மையச் சொல்லட்டா?"

"எதுக்கு அஞ்சலை வம்பு? அப்புறம் மகளைக் கூப்பிடுவாங்க, மாத்திரைய கொடுத்து உக்கார வெச்சிடுவாங்க, ஊருல ஒண்ணு கெடக்க ஒண்ணு பேசுவாங்க. இல்லவே இல்லைன்னு சொல்லிடு."

"சரி டீச்சர்" என்றாள்.

அவள் முறை வந்த அன்று நான் மண்டபத்துக்கு வெளியே காத்திருந்தேன். பரீட்சை முடிந்து பிள்ளைகள் வெளியே வரும்போது நிற்பேனே, அப்படி. அவள் வந்தாள். "நீங்க சொன்ன மாதிரியே சொல்லிட்டேன் டீச்சர்." தம்பி, நான் அதற்கு என்ன சொன்னேன் தெரியுமா? "வெரி குட்" என்று முதுகில் தட்டினேன். நான் செய்த எல்லாவற்றிலும் இந்த ஒன்றை நினைக்கும்போதுதான் எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் போகிறது.

அதற்குப் பிறகு இரண்டு வெள்ளிக்கிழமை அவள் கோவிலுக்கு வரவில்லை. மகள் வீட்டுக்குப் போயிருப்பாள் என்று நானும் கமலாவும் பேசிக்கொண்டோம். கமலாவுக்குத்தான் மனசு கேட்கவில்லை, போய்ப் பார்க்கலாம் என்றாள். கதவைத் திறக்கவே அஞ்சலைக்கு வெகுநேரம் ஆனது. திறந்தவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவ்வளவு மெலிந்திருந்தாள். சமையலறையில் ரைஸ் குக்கர் மேல் தூசி படிந்திருந்தது. மேசையில் ஒரு பிஸ்கட் டின்னும் பாலில்லாத தே ஓ டீ குடித்த குவளையும், அவ்வளவுதான். ஆராய்ச்சிக்காரர்கள் கூப்பிட்டபோதெல்லாம் கீரை, மீன், பழம் என்று சொல்லியிருக்கிறாள், நான் சொல்லிக்கொடுத்த வரிசையில். பேசிக்கொண்டிருக்கும்போதே அப்படியே சரிந்து உட்கார்ந்துவிட்டாள். அப்பா காரை எடுத்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உடம்பில் உப்பும் சத்தும் குறைந்துபோயிருக்கின்றன, இன்னும் சில நாள் விட்டிருந்தால் ஆபத்தாகியிருக்கும் என்றார்கள்.

மறுநாள் வார்டில் ஒரு தாதி வந்தார். மலாய்ப் பெண், அன்பான முகம். "ஆன்ட்டி, மாக்கான் ஓகே தாக்?" என்றார், சாப்பாடெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று. அஞ்சலை முதலில் என்னைப் பார்த்தாள். விடை தெரியாத பிள்ளை டீச்சரைப் பார்க்கும் பார்வை அது. நான் தலையாட்டினால் 'ஓகே' என்பாள். அவ்வளவு மெலிந்த உடம்போடு படுத்துக்கொண்டு, உண்மையைச் சொல்லலாமா என்று இன்னும் என்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன். நான் இல்லாவிட்டால்தான் அவளால் பேச முடியும் என்று புரிந்தது. கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். தாதி கட்டிலில் உட்கார்ந்தார். அஞ்சலை அழுதுகொண்டே பேசினாள், நிறைய பேசினாள்.

வராந்தாவில் நின்றபோது அந்தப் பார்வையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன் என்று நினைவு வந்தது. உன்னிடம். சிகாமட்டில் விடுதிப் பள்ளியில் நீ சேர்ந்த முதல் வருடம். விடுமுறைக்கு வந்தபோது கழுத்தெலும்பு தெரிய வந்தாய். திரும்பக் கொண்டுபோய் விட்டபோது விடுதிக் காப்பாளர் உன்னிடம் கேட்டார், "என்னப்பா, சரியா சாப்பிடுறதில்லையாமே, ஏதாச்சும் பிரச்சனையா?" நீ என்னைப் பார்த்தாய். நான் முந்திக்கொண்டு, "ஒண்ணுமில்ல சார், வீட்டுச் சாப்பாட்டுப் பழக்கம், போகப்போகச் சரியாயிடும்" என்றேன். ஆசிரியை பெற்ற பிள்ளைக்குப் பிரச்சனை என்றால் எனக்கல்லவா குறை? நீ தலையைக் குனிந்து பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாய். அந்த வருடம் உனக்கு அங்கே என்ன நடந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போதும் கேட்கமாட்டேன். என்றைக்காவது சொல்ல வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் சொல், தோன்றாவிட்டால் வேண்டாம். ஆனால் அன்று பதில் சொல்ல வேண்டியவன் நீ, அந்த இடத்தை நான் எடுத்துக்கொண்டேன். அதற்கு என்னை மன்னிக்க முடியுமா என்று பார்.

அன்றைக்கே தர்ஷினியைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். என் பப்பாளியிலிருந்து ஆரம்பித்து 'வெரி குட்' வரைக்கும். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. "ஆன்ட்டி, யாராச்சும் எல்லா நாளும்னு சொன்னா, அன்னிக்கே நாங்க கவுன்சலரக் கூப்பிட்டுப் பேச வெப்போம். அதுக்காகவும்தான் அந்தக் கேள்விய வெச்சிருக்கோம்" என்றாள். அஞ்சலைக்காக ஒரு கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். அவளும் அதைத் தள்ளிப் பார்க்கத்தான் நினைத்தாள். வாசலில் நின்று நான் அதைச் சாத்தினேன். எங்கள் மூன்று பேர் பதில்களையும் இனி பயன்படுத்த முடியாது என்று தர்ஷினி மெதுவாகச் சொன்னாள். கமலாவிடம் சொன்னபோது, "போச்சுடா, டீச்சரே மொத்த கிளாஸையும் பெயிலாக்கிட்டாங்க" என்றாள். எப்போதும்போலச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அஞ்சலை வீட்டுக்கு வந்துவிட்டாள். தர்ஷினி வழிகாட்டி, அரசாங்க கிளினிக்கில் ஒரு கவுன்சலரிடம் போய்ப் பேசிவருகிறாள். மகள் சனிக்கிழமைகளில் வருகிறாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்கு எழுத ஆசையாக இருக்கிறது. ஆனால் அப்படி இல்லை. சில நாள் நன்றாக இருக்கிறாள், சில நாள் கதவையே திறப்பதில்லை. ஆரம்பத்தில் நான் தினமும் கீரையும் மீனும் சமைத்து எடுத்துக்கொண்டு போனேன். எதிரில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ, மாத்திரை போட்டியா, தூங்கினியா என்று கேட்பேன். அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள். கமலா போகிற நாளில் மட்டும் நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று தெரிந்தது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது. "அப்படி என்னதான் செய்யுற?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் செய்யல டீச்சர். வியாபாரம் முடிஞ்சி பசியோட போறேன், என் பொட்டலத்தப் பிரிச்சி நான் பாட்டுக்குத் திங்கிறேன். அவளும் கைய விட்டு எடுத்துக்குறா." கொஞ்சம் தயங்கிவிட்டு, "தப்பா நெனக்காதீங்க. நீங்க வந்தா பரீட்சை எழுதுற மாதிரி இருக்காம்" என்றாள்.

உன் வயதில் நான் இருந்தபோது யாராவது என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இப்போது அப்படியே ஏற்றுக்கொண்டேன். மறுநாள் என் மத்தியானச் சாப்பாட்டை மட்டும் கட்டிக்கொண்டு போனேன். எனக்கும் தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்று சொல்லி உட்கார்ந்தேன். அது உண்மையும்கூட, அப்பா அன்று லாபிஸில் ஒரு கருமாதிக்குப் போயிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். பாதிச் சாப்பாட்டில் அவளாகவே பேசினாள்.

"ரைஸ் குக்கர்ல ஒரு ஆளுக்கு வெக்கத் தெரியல டீச்சர். எவ்வளவு கொறச்சிப் போட்டாலும் ரெண்டு பேருக்கு வந்துடுது. மிச்சத்தப் பாத்தா அவரு இன்னும் வேலையிலருந்து வரலன்னு தோணுது. அதான் வெக்கிறதையே விட்டுட்டேன்."

அரைக் குவளை அரிசி போட்டால் சரியாக இருக்கும் என்ற விடை என் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டேன். அவள் அளவு கேட்கவில்லை, தம்பி. அவள் என்னிடம் எதையுமே கேட்கவில்லை, சொன்னாள், அவ்வளவுதான். "ம்" என்றேன். அவள் இன்னும் கொஞ்சம் பேசினாள். என் பாத்திரத்திலிருந்து ஒரு கை சோறு எடுத்துத் தன் தட்டில் போட்டுக்கொண்டாள். பேச்சு முடிந்தபோது இரண்டு பேர் தட்டும் காலியாகியிருந்தது. அன்றைக்கு நாங்கள் சாப்பிட்டது வெறும் சோறும் பருப்பும் அப்பளமும்தான். யாராவது தொலைபேசியில் கேட்டிருந்தால் அதையே சொல்லியிருப்பேன்.

உனக்குப் புத்தி சொல்லும் தகுதி எனக்கு இப்போது குறைந்துபோயிருக்கிறது என்று தெரியும். இருந்தாலும் தாய் என்ற உரிமையில் கொஞ்சம் சொல்கிறேன். புது ஊரில், புது அறையில், தனியாகச் சாப்பிடும் வேளைகள் உனக்கு நிறைய வரும். அங்கே கம்பெனி டாக்டர் கேட்கலாம், கூட வேலை செய்பவர்கள் கேட்கலாம், இப்படி ஒரு ஆராய்ச்சிக்கு உன்னையும் கூப்பிடலாம். கூப்பிட்டால் போ, நல்ல காரியம்தான். ஆனால் யார் கேட்டாலும் நான் பக்கத்தில் நிற்பதாக நினைத்துக்கொண்டு பதில் சொல்லாதே. உன் அம்மா உன்னைப் பற்றி எல்லோரிடமும் நல்லபடியாகச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்பதற்காக நீ நன்றாக இருப்பதுபோல் காட்ட வேண்டியதில்லை. நீ நன்றாக இல்லாத நாளிலும் நீ என் பிள்ளைதான். இதை உன் சிறுவயதிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லத் தெரியவில்லை.

நான் இப்போதுதான் கற்றுக்கொண்டிருக்கிற ஒரு காரியத்தை நீயும் செய்து பார். நாளை மத்தியானம் உன் வேலையிடத்துக் கேண்டீனில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிற யாராவது ஒருவருக்கு எதிரில் உன் தட்டை வைத்து உட்கார், ஒன்றும் கேட்காமல் சாப்பிடு.